ஃப்ளாப் ஆட்டக்காரர்: சோடையா, தண்டமா, சொதப்பலா?

ஒரே கால்பந்து கிளப்பின் பழைய ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் ‘நம்ம ஆளுங்களிலேயே படுமோசம் யார்’ என்ற இடத்துக்கு வந்துவிடும். எண்பதுகளுக்கு ஒரு பெயர், தொண்ணூறுகளுக்கு மூன்று பெயர், அப்புறம் சண்டை. அந்தச் சண்டையில் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுகிற சொல்தான் ஃப்ளாப் (flop). இதற்குத் தமிழ் என்ன என்று தேடினால் ‘தோல்வி’ என்று கிடைக்கும். சரிப்படாது. ஆட்டம் தோல்வி அடையலாம், அணி தோல்வி அடையலாம், ஆனால் ‘அவர் ஒரு தோல்வி’ என்று தமிழில் யாரும் பேசுவதில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. அடித்துக்கொள்வது, படபடப்பது என்ற பொருளில் ‘ஃப்ளாப்’ (flap) என்று ஆங்கிலத்தில் இன்னொரு சொல் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், உச்சரிப்பில் உயிரொலி மட்டும் மாறும். அதையே இன்னும் கனத்த ஒலியோடு சொல்லப்போய் 1600 வாக்கில் நம் சொல் வந்தது. ஒலிக்குறிப்புதான்: நாம் ‘தொப்பென்று விழுந்தான்’ என்கிறோமே, அந்தத் தொப். தோற்றுப்போன விஷயம் என்ற பெயர்ச்சொல்லாக 1890களில் பதிவாகிறது. தமிழுக்கு இது சினிமா வழியாகவே பழக்கமானது, அதனால்தான் ‘படம் ஃப்ளாப்’ என்பது நமக்குக் கூசவே இல்லை.

தொப்பென்று விழ வேண்டுமென்றால் முதலில் உயரத்தில் இருந்திருக்க வேண்டும். இந்தச் சொல்லில் முக்கியமே அதுதான். மோசமாக ஆடுகிறவர் எல்லாரும் ஃப்ளாப் இல்லை, பெரிதாக எதிர்பார்த்து வாங்கி வந்தவர் ஆடாமல் போனால்தான் ஃப்ளாப்.

இத்தாலிக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அங்கே ‘பிதோனே’ என்றால் தகர டிரம், குப்பைத் தொட்டி. பேச்சு வழக்கில் ஏமாற்று வேலை, அதிலிருந்து ஏமாற்றிய ஆட்டக்காரர். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் தங்கப் பந்து விருதைக் கிண்டல் செய்து, இத்தாலி அரசு வானொலியான ராயின் ஒரு நிகழ்ச்சி 2003இல் ‘தங்க பிதோனே’ என்று ஒரு விருதைத் தொடங்கியது, நேயர்கள்தான் ஓட்டுப் போட்டார்கள். முதல் ஆண்டு யாருக்குப் போனது? ரிவால்டோவுக்கு! 1999இல் உண்மையான தங்கப் பந்தையே வாங்கியவர், 2002இல் பிரேசிலோடு உலகக் கோப்பை வென்றவர், இத்தாலியின் மிலான் கிளப்பில் மட்டும் எடுபடவில்லை. இன்னொரு பிரேசில்காரர் அட்ரியானோ அந்தக் கிண்டல் விருதை மூன்று முறை வாங்கினார். இவர்களைப் போய் ஆடத் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியுமா?

ஜெர்மன்காரர்கள் இன்னும் நேரடி, ‘தவறான கொள்முதல்’ என்ற பொருளில் ஒரே கூட்டுச்சொல் வைத்திருக்கிறார்கள், பழி ஆட்டக்காரர் மேல் விழாமல் வாங்கினவர் மேல் விழுகிறது. எனக்குப் பிடித்தது அந்த நியாயம்தான். போர்த்துகீசியத்தில் ஆடத் தெரியாதவனை ‘மரக்கால்’ என்பார்கள். அது வேறு கணக்கு, அதில் எதிர்பார்ப்புக்கு இடமே இல்லை.

சரி, தமிழுக்கு வருவோம். ‘ஊத்திக்கிச்சு’ படத்துக்குப் பொருந்தும், ஆளுக்கு ஒட்டாது. ‘புஸ்வாணம்’ எதிர்பார்ப்பையும் சேர்த்துச் சொல்கிறது, ஆனாலும் அது ஒரு திட்டம், ஓர் அறிவிப்பு பிசுபிசுத்துப் போவதற்குத்தான் பழகியிருக்கிறது. என் ஓட்டு ‘சோடை’க்கு. நிலக்கடலையை உடைத்தால் உள்ளே பருப்பு இல்லையென்றால் அது சோடை. ஓடு முழுசாக, பார்க்க நன்றாகவே இருக்கும். ‘அவன் ஒன்றும் சோடை போனவன் இல்லை’ என்று ஆளைப் பற்றியும் தாராளமாகச் சொல்கிறோம். நெல்லுக்குப் பதர் இருக்கிறது. குறள் 196 பயனில்லாமல் பேசுகிறவனை ‘மக்கட் பதடி’ என்றே திட்டுகிறது. ஆனால் பதர் வசைச்சொல்லாகக் கெட்டிப்பட்டுவிட்டது, ஒரு ஆட்டக்காரரைப் பதர் என்றால் கொஞ்சம் அதிகம்.

லண்டன் கிளப்பான செல்சியில் ஷெவ்சென்கோ சோடை போனார் என்று சொல்லிப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். 2004 தங்கப் பந்து வென்றவர், மிலானுக்காக 170க்கு மேல் கோல் போட்டவர், 2006இல் சுமார் 3 கோடி பவுண்டுக்கு வந்து லீகில் மொத்தம் 9 கோல். அதே செல்சிக்கு வந்த டோரஸ் கதை இழுபறி. 2011 ஜனவரியில் 5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினார்கள், கோல் வறட்சி, கேலி, எல்லாம் உண்மை. ஆனால் 2012 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனா மண்ணில் கடைசி நிமிடத்தில் தனியாக ஓடிப்போய் அந்தக் கோலைப் போட்டதும் அவர்தான், அந்த ஆண்டு கோப்பையும் வந்தது. அவரைச் சோடை என்று செல்சி ரசிகர்களிடமே ஒருமனதாக வாங்க முடியாது.

‘தண்டம்’ பக்கத்து வீட்டுச் சொல், ஆனால் வேறு. வடமொழியில் கோல், கம்பு; அதிலிருந்து தண்டனை, அபராதம்; அப்புறம் தமிழ்ப் பேச்சில் வீணாக அழுத காசு, கடைசியில் அந்தக் காசைத் தின்கிற ஆள். பெனால்டியைச் சிலர் ‘தண்ட உதை’ என்று எழுதுவதும் இதே சொல்தான், அங்கே பழைய பொருள் மாறாமல் நிற்கிறது. பணத்தைப் பற்றிப் பேசும்போது தண்டம் சரி. தடுப்பாட்டக்காரர் வின்ஸ்டன் போகார்டே 2000இல் செல்சிக்கு வந்தார். மாற்றுத் தொகை (பழைய கிளப்புக்குக் கொடுக்கும் விலை) கிடையாது, நான்கு வருட ஒப்பந்தம், வாரச் சம்பளம் சுமார் 40,000 பவுண்டு, லீகில் ஆடியது 9 ஆட்டம். ரசிகர்கள் தண்டச்சோறு என்று சொல்லாமல் விடுவார்களா? ஆனால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் முடியும்வரை இருந்தார், அவ்வளவுதான். அவரிடம் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு மனசில்லை.

‘சொதப்பல்’ ஆளுக்கு இல்லை, செய்கைக்கு. 1999இல் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிய கோல்கீப்பர் மாஸிமோ தாயிபியை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 25, சவுத்தாம்ப்டனுடன் ஆட்டம், அந்த அணியின் மாட் லெ டிசியே தூரத்திலிருந்து தரையோடு ஒரு உதை விடுகிறார். வேகமே இல்லை. தாயிபி குனிந்து மண்டியிடுகிறார், பந்து கைக்குள் வருகிற மாதிரி வந்து, கால்களுக்கு நடுவே நழுவி, அவசரமே இல்லாமல் கோட்டைத் தாண்டுகிறது. ஆட்டம் 3-3. மொத்தம் 4 லீக் ஆட்டத்தோடு அவர் கதை முடிந்தது. அதே தாயிபி 2001இல் இத்தாலியின் ரெஜினா கிளப்புக்காகத் தலையால் முட்டி கோல் போட்டார், கோல்கீப்பராக இருந்துகொண்டே!

இந்த மூன்று சொல்லிலும் அடங்காதவர் அலி தியா. ஜார்ஜ் வேயா (1995இல் தங்கப் பந்து வென்ற லைபீரிய ஆட்டக்காரர்) பேசுகிறேன் என்று யாரோ போனில் சிபாரிசு செய்ய, சவுத்தாம்ப்டன் ஒரு மாத ஒப்பந்தம் கொடுத்தது. இவர் ஆடுவதைப் பார்த்திருக்க வேண்டிய ரிசர்வ் (இரண்டாம் அணி) ஆட்டம் மைதானத்தில் தண்ணீர் நின்று நடக்கவில்லை. 1996 நவம்பர் 23, லீட்ஸுடன் ஆட்டம், காயம்பட்டு வெளியேறியவருக்குப் பதிலாக அரை மணி நேரத்துக்குப் பின் இறக்கினார்கள் (அந்தக் காயம்பட்டவர், வேறு யார், லெ டிசியே), 85ஆவது நிமிடத்தில் மாற்றுக்கு வந்தவருக்கே மாற்று இறங்கியது. மோசமான ஆட்டக்காரர் பட்டியல் எதைத் திறந்தாலும் இவர் முதலில் நிற்பார். ஆனால் காசு போகவில்லை, கனவும் யாருக்கும் இல்லை. ஃப்ளாப் என்றால் தப்பு, இவருக்குச் சுத்தமான தமிழில் ‘போலி’ போதும்.

லிவர்பூல் தடுப்பாட்டக்காரர் ஜிமி ட்ராவோரேதான் இடிக்கிறார். 2005 ஜனவரியில் பர்ன்லியுடன் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம், தன் கோல் வாயிலிலேயே பந்தைக் காலால் இழுத்துத் திரும்பப் பார்த்து, சொந்த வலைக்குள்ளேயே தள்ளினார், லிவர்பூல் 1-0 என்று தோற்று வெளியே. அதே ஆண்டு மே மாதம் இஸ்தான்புல்லில் மிலானுடன் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி 3-3இல் நிற்கும்போது ஷெவ்சென்கோ அடித்த பந்தைக் கோட்டிலிருந்து தட்டி வெளியேற்றியதும் அவரே. நான் மேலே சோடை என்று எழுதிய அதே ஷெவ்சென்கோ, அன்றைக்குத் தங்கப் பந்துக்காரர். லிவர்பூல் ரசிகர்கள் மோசமானவர்கள் வரிசையில் ட்ராவோரே பெயரைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், அந்தச் சிரிப்பு ஃப்ளாப்பிலும் இல்லை, சோடையிலும் இல்லை. ‘செல்லச் சொதப்பல்’ என்று நான் எழுதிப் பார்க்கிறேன், இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.