படத்தை மறைத்ததும் நின்றுபோன வாசிப்பு

ஜாம்பியாவின் கிழக்கு மாகாணத்தில் ஒரு கிராமப் பள்ளி, நாலாம் வகுப்பு. பையன் ஒருவன் எழுந்து நின்று நியாஞ்சா மொழிப் பாடத்தைக் கணீரென்று வாசித்தான், டீச்சருக்கு முகமெல்லாம் பெருமை. எனக்கு என்னவோ உறுத்தியது. பக்கத்தில் இருந்த ஆட்டுப் படத்தை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். சத்தமே வரவில்லை. படத்தைப் பார்த்துப் பாடத்தை ஒப்பித்திருக்கிறான், அவ்வளவுதான். நாலு வருஷமாகப் பள்ளிக்கு வருகிற பையனுக்கு எழுத்தே தெரியவில்லை.

ஆசிரியர் பயிற்சி வேலையில் இதே காட்சியை அப்புறம் எத்தனையோ வகுப்புகளில் பார்த்துவிட்டேன். சஹாராவுக்குத் தெற்கே பத்து வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒரு எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள வராது என்பது உலக வங்கியின் கணக்கு. பள்ளிக்கே போகாததால் என்று நினைத்துவிடாதீர்கள். மலாவி 1994இல், உகாண்டா 1997இல், ஜாம்பியா 2002இல், கென்யா 2003இல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்தன. பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள், ஆசிரியர்களும் வகுப்பறைகளும் அந்த வேகத்தில் வரவில்லை. டீச்சர் பாடத்திட்டத்தை முடிக்க ஓடுவார், முன்வரிசையில் நாலு பேர் கூடவே ஓடுவார்கள், மற்றவர்கள் கோரஸ் பாடுவார்கள். டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் மேலதிகாரி வந்தால் எத்தனை பாடம் முடிந்தது என்றுதான் கேட்பார், எத்தனை பேருக்குப் படிக்க வருகிறது என்று கேட்க மாட்டார்.

"என்ன வாங்கித் தரலாம், டேப்லெட்டா, புத்தகமா?" நல்ல மனசோடு பலர் என்னிடம் கேட்பது இதைத்தான். 1990களில் மேற்குக் கென்யாவில் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்து ஆராய்ந்து பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் பலன் இருந்தது, சராசரி மதிப்பெண் அசையவில்லை. புத்தகம் ஆங்கிலத்தில், அதுவோ அங்கே பல பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி! அதற்காகப் புத்தகமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2015இல் அதே கென்யா தொடங்கிய 'டுசோமே' திட்டத்தில் ஆளுக்கொரு புத்தகம், ஆசிரியருக்கு நாள்வாரிப் பாடக்குறிப்பு, வகுப்பிலேயே உட்கார்ந்து பார்த்துத் திருத்தும் பயிற்றுநர் எல்லாம் சேர்ந்து போயின, வாசிப்பும் மேலே வந்தது.

ஜாம்பியாவில் நாங்கள் செய்கிற வழிக்கு 'கேட்ச் அப்' என்று பெயர், மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பிடமிருந்து வந்தது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டுச் சில நிமிடம் வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுத்தா, அசையா, சொல்லா, பத்தியா, எதில் தடுக்குகிறது? அதை வைத்துத்தான் குழு பிரிப்போம், வகுப்பை வைத்து இல்லை. தினமும் ஒரு மணி நேரம், பிள்ளைகளின் சொந்த மொழியில். பா பே பி போ பு என்ற அசை அட்டவணையைத் தரையில் விரித்துக் கைதட்டிச் சொல்லுவார்கள். நம்ம க கா கி கீ மாதிரியேதான். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்குக்குக் குச்சியும் கூழாங்கல்லும் போதும்.

செலவு பெரிசில்லை, சங்கடம்தான் பெரிசு. ஐந்தாம் வகுப்பில் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண்ணை மூன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்கார வைத்தோம். முதல் நாள் அவள் தலையே நிமிரவில்லை, அம்மா மறுநாள் காலையிலேயே சண்டைக்கு வந்துவிட்டார். அந்த அம்மாவையே உட்காரச் சொல்லி, மகள் வாசிப்பதைக் கேட்க வைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் போனார், ஆனால் மகளை அதே குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் அட்டவணையை விரிக்கிற பொறுப்பை அந்தப் பெண்ணே எடுத்துக்கொண்டாள்.

இனி யாராவது ஆப்பிரிக்கப் பள்ளிக்கு என்று நன்கொடை கேட்டால், மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் தங்கள் மொழியில் ஒரு பத்தி வாசிப்பார்கள், கடைசியாக எப்போது கேட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதிலுக்குக் கட்டடத்தின் போட்டோ வந்தால், மறுபடியும் கேளுங்கள்.