பிரைமரிக்கு வழி கேட்ட சிக்பேட்டைக் கடைக்காரர்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி மேலே வந்தால் தெருவில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து அந்தப் பட்டுப்புடவைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் ஆரணிப் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்தில் பெங்களூர் வந்தவர்கள். கல்லாவிலிருந்து எழுந்திருக்காமலே போனை என் பக்கம் நீட்டினார்.

"பாரும்மா, என் பையன் போன்லயே நம்ம கடை மெயில் ஸ்பேம்ல கிடக்கு. நாற்பதாயிரம் பேருக்கு அனுப்பினோம், ஒரு போன் வரலை. எப்படியாவது பிரைமரில விழ வச்சுடு. எவ்வளவு ஆகும்னு சொல்லு."

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். விளம்பர மெயில்கள் போய்ச் சேருகின்றனவா, சேரவில்லை என்றால் எங்கே தட்டுகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. எச்எஸ்ஆர் லேஅவுட் ஸ்டார்ட்அப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள், இன்னும் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து. எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஜிமெயிலைத் திறந்ததும் முதலில் தெரியும் பிரைமரிப் பகுதியை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஸ்பேமிலிருந்து வெளியே வருவோம். அதற்கான வழி பெரும்பாலும் மெயிலில் எழுதியிருக்கும் வார்த்தைகளில் கிடைக்காது. யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதில்தான் கிடைக்கும்.

ஜிமெயில் 2013இல் இன்பாக்ஸைப் பிரைமரி, சோஷியல், புரமோஷன்ஸ் என்று பிரித்தது. அன்றிலிருந்து புரமோஷன்ஸில் விழுவதை மானக்கேடாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். புரமோஷன்ஸும் இன்பாக்ஸ்தான். புடவைக் கடையின் தள்ளுபடி மெயில் அங்கே இருப்பதுதான் முறை. வாங்க நினைப்பவர் அங்கேதான் போய்ப் பார்ப்பார். அவருக்கு உங்களை ரொம்பப் பிடித்துப்போனால் அவரே அந்த மெயிலை இழுத்துப் பிரைமரியில் போட்டுக்கொள்வார். இனி வருவதும் இங்கேயே வரட்டுமா என்று ஜிமெயில் அவரைக் கேட்கும். அந்த முடிவு அவருடையது. நம் கையில் அதற்கு ஸ்விட்ச் எதுவும் இல்லை. இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அவர் செய்வது அநேகமாகத் தலைப்பில் 'ரீ:' என்று போட்டுப் பதில் கடிதம் மாதிரி ஏமாற்றுவதாக இருக்கும். திறந்து பார்த்து ஏமாந்தவர் சும்மா இருப்பாரா? ஸ்பேம் பட்டனை அமுக்குவார்.

சரி, கடைக்கு வருவோம். அவர் பையனின் லேப்டாப்பில், வந்திருந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அமுக்கச் சொன்னேன். இதை நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள் வரும். மெயில் நிஜமாகவே நம் பெயரில்தான் வருகிறதா என்று பார்க்கும் சோதனைகள் இவை. மூன்றிலும் 'பாஸ்' என்று இருக்க வேண்டும். அவருடையதில் எஸ்பிஎஃப் பாஸ். டிகிமும் பாஸ், ஆனால் மெயில் அனுப்பும் சேவைக்காரரின் டொமைன் (மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வருவது) பெயரில். டிமார்க் என்ற வரியே இல்லை.

பட்டு விற்பவருக்கு இதை விளக்குவது சுலபம். சில்க் போர்டு என்றால் இன்று பெங்களூரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயருள்ள சந்திப்பின் டிராஃபிக்தான் ஞாபகம் வரும். அந்த மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் வந்ததுதான் சில்க் மார்க். புடவையோடு தொங்கும் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தெரியாத கடையிலும் ஜனங்கள் நம்பி வாங்குகிறார்கள். டிகிம் அப்படிப்பட்ட சீட்டு. இந்த மெயில் இந்த டொமைனிலிருந்துதான் கிளம்பியது, வழியில் யாரும் மாற்றி எழுதவில்லை என்பதற்கு ஒரு கையொப்பம். எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் சரக்கு எடுத்துப்போக அனுமதி உள்ள ஆட்களின் பட்டியல். டிமார்க் இந்த இரண்டுக்கும் மேலே நிற்கும் உத்தரவு. கையொப்பம், ஆள் இரண்டுமே சரியில்லை என்றால் என்ன செய்வது என்று மெயிலைப் பெறுகிறவருக்கு நாம் சொல்லி வைப்பது. 'நன்' என்றால் ஒன்றும் செய்யாதே, 'குவாரண்டைன்' என்றால் ஒதுக்கி வை, 'ரிஜெக்ட்' என்றால் திருப்பி அனுப்பு.

"நம்ம சரக்குல பக்கத்துக் கடைக்காரன் சீட்டு தொங்குற மாதிரியா?" என்றார். அதேதான். டிகிம் கையொப்பம் சேவைக்காரர் பெயரில் இருந்தால் சீட்டு உண்மைதான், ஆனால் அது உங்களுக்கு நற்பெயர் சேர்க்காது. மெயிலில் 'ஃப்ரம்' என்று தெரியும் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் சாட்சி சொல்லும் டொமைனும் ஒன்றாக இருந்தால்தான் டிமார்க் பாஸ் ஆகும். பெரும்பாலான சேவைக்காரர்கள் உங்கள் டொமைனிலேயே கையொப்பமிட வழி வைத்திருக்கிறார்கள். டொமைனின் விவரங்களை எழுதி வைக்கும் பதிவேடான டிஎன்எஸ்ஸில் இரண்டு மூன்று வரிகள் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். புதுச் சேவை வாங்கும்போதெல்லாம் புதிதாக ஒரு பதிவு போட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே பதிவுக்குள் எல்லோரையும் சேர்க்கும்போதும், அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டக் கூடாது.

இதெல்லாம் செய்தால் நல்லது என்கிற நிலைமை முன்பு இருந்தது. 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் அறிவித்து, 2024 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கின. ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு ஐயாயிரம் மெயில் அனுப்பினாலே மொத்தமாக அனுப்புகிறவர் கணக்கில் சேர்வீர்கள். மூன்று சோதனையும் வேண்டும், ஒரே தட்டலில் அன்சப்ஸ்கிரைப் ஆகும் வசதி வேண்டும், விலகுகிறேன் என்றவரை இரண்டு நாளுக்குள் விடுவிக்க வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து அவுட்லுக்கும் இந்தச் சோதனைகளைக் கேட்கிறது. இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஒரே ஒரு நாள் அந்த ஐயாயிரத்தைத் தொட்டுவிட்டால் கூகுள் கணக்கில் நிரந்தரமாக நீங்கள் மொத்த அனுப்புநர்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு மட்டும்தானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

டெக்னிக்கல் வேலை ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. நிஜமான தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நாற்பதாயிரம் முகவரி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

கடைக்காரர் பையனைப் பார்த்தார். பையன் கூரையைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஒரு பகுதி பில் போடும்போது கேட்டு வாங்கியது. இன்னொரு பகுதி கண்காட்சி ஸ்டாலில் வைத்த குலுக்கல் பெட்டிச் சீட்டு. மிச்சம், அதுதான் பெரும்பகுதி, யாரோ ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து விற்ற 'டேட்டாபேஸ்'.

குலுக்கல் சீட்டு விஷயம் வேடிக்கையானது. பரிசு வேண்டும், மெயில் வேண்டாம் என்பவர் வாய்க்கு வந்த முகவரியை எழுதிப் போடுவார். அவசரக் கையெழுத்தில் ஜிமெயில் என்பது எழுத்து மாறி வேறொரு டொமைன் ஆகிவிடும். அப்படி எழுத்துப்பிழையான டொமைன்களைக் கண்ணியாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விலைக்கு வாங்கிய பட்டியலில் இன்னும் மோசமான கண்ணி உண்டு. யாரோ பல வருஷம் முன்பு விட்டுப்போன முகவரி. முதலில் கொஞ்ச காலம் 'இப்படி ஒருவர் இல்லை' என்று மெயிலைத் திருப்பி அனுப்பும். அப்போதும் பட்டியலைச் சுத்தம் செய்யாமல் அனுப்பிக்கொண்டே இருப்பவரைப் பிடிக்க, அதே முகவரியைப் பிறகு கண்ணியாக மாற்றிவிடுவார்கள். அதில் விழுந்தால், 1998இலிருந்து இயங்கும் ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பேம்ஹவுஸ் போன்றவர்களின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறலாம். இறங்குவது அத்தனை லேசு இல்லை.

வாங்கிய பட்டியல் பழையதாகத்தான் இருக்கும். இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய பட்டியலுக்கு இன்று அனுப்பினால் '550 5.1.1' என்ற பதில் மழையாகக் கொட்டும். அப்படி ஒரு ஆளே இல்லை என்று அர்த்தம். அந்த முகவரியை அன்றே எடுத்துவிட வேண்டும், திரும்ப முயற்சி செய்யக் கூடாது. 4இல் தொடங்கும் பதில் வந்தால் அது தற்காலிகம், பிறகு முயலலாம்.

சட்டமும் வந்துவிட்டது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. பென் டிரைவில் வந்த ஜனங்கள் யாரிடம் எப்போது சம்மதம் கொடுத்தார்கள்?

"அன்சப்ஸ்கிரைபைப் பெரிசா மேலேயே வச்சா எல்லாரும் போயிடுவாங்களேம்மா" என்று பயந்தார். போகட்டும் அண்ணா என்றேன். கதவு கண்ணில் படாவிட்டால் சுவரை இடிப்பார்கள். விலகினவர் ஒருவர் போனால் ஒருவர்தான் போனார். ஸ்பேம் என்று அமுக்கினவரோ, வேண்டுமென்று காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு வர வேண்டியதையும் சேர்த்து ஸ்பேமுக்குத் தள்ளிவிடுகிறார். கூகுள் கேட்பது, இந்தப் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் கோபித்துக்கொண்டாலே ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற பக்கத்தில் கூகுளே இலவசமாகக் காட்டுகிறது. டொமைன் உங்களுடையது என்று நிரூபித்தால் போதும். பையன் ஏற்கெனவே அதைத் திறந்து வைத்திருந்தான். "பாருங்க மேடம், புகார் ஜீரோ" என்று பெருமையாகக் காட்டினான். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இன்பாக்ஸில் விழுந்த மெயில்களை வைத்துத்தான் அந்தச் சதவீதம் போடப்படுகிறது. எல்லாமே ஸ்பேமில் விழுந்திருந்தால் அங்கே போய் யார் புகார் செய்வார்கள்? அவனுடைய ஜீரோ நல்ல செய்தி இல்லை.

அடுத்து, எவ்வளவு வேகத்தில் அனுப்புவது. இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவள், அதனால் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்குப் புது டொமைன் மாற்றிக்கொடுத்தேன். டிஎன்எஸ் எல்லாம் கச்சிதம், பட்டியலும் யோக்கியமானதுதான். நம்பி, ஒரே காலையில் அறுபதாயிரத்தையும் அனுப்பிவிட்டேன். பதினோரு மணிக்கெல்லாம் '421' என்று பதில் வரத் தொடங்கியது. இந்த டொமைனிலிருந்து வழக்கத்துக்கு மாறான வேகத்தில் மெயில் வருகிறது, நிறுத்தி வைக்கிறோம் என்பது சாரம். நேற்றுவரை பெயரே கேட்டிராத டொமைன் இன்று அறுபதாயிரம் கதவைத் தட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அந்தப் பெயரை மீட்க இரண்டு மாதம் ஆனது. இப்போதெல்லாம் முதல் நாள் சில நூறு பேர், அதுவும் சமீபத்தில் வாங்கினவர்கள் மட்டும். ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டு இரட்டிப்பாக்குவேன். புகாரோ திரும்பி வருவதோ கூடினால் அங்கேயே நின்றுவிடுவேன். பண்டிகைக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஆடி மாதமே தொடங்கிவிடுங்கள். பில், டெலிவரி தகவல் போகும் முகவரியும் விளம்பரம் போகும் முகவரியும் வேறுவேறாக இருக்கட்டும். ஒன்றின் பாவம் மற்றொன்றில் ஏற வேண்டாம்.

மெயிலின் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதற்கு நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. 'இலவசம்' என்ற ஒரு வார்த்தைக்காக மெயில் ஸ்பேமுக்குப் போகும் காலம் போய்விட்டது. ஆனால் நம் ஊர்க் கடைகள் செய்கிற ஒன்று உண்டு. வாட்ஸ்ஆப்புக்குச் செய்த போஸ்டரையே ஒற்றைப் படமாக மெயிலில் ஒட்டிவிடுவது. அதில் படிக்க ஓர் எழுத்துகூட இல்லை. நாலு வரி எழுதுங்கள். மெயிலின் எழுத்தும் அதை வடிவமைக்கும் எச்டிஎம்எல் நிரலும் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் வாலை வெட்டிவிடும். அன்சப்ஸ்கிரைப் அந்த வாலில்தான் இருக்கும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பாதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் கொண்டுவந்த வசதி, மனிதர் பார்க்கிறாரோ இல்லையோ படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அந்த வசதியை வைத்திருப்பவர் எல்லோரும் திறந்த மாதிரியே தெரியும். யார் பதில் எழுதினார், யார் வாங்கினார் என்பதைப் பாருங்கள். அதற்காகவாவது 'நோ ரிப்ளை' முகவரியை விட்டொழியுங்கள்.

பட்டியலை அலசி முடித்தபோது நாற்பதாயிரத்தில் ஒன்பதாயிரம் சொச்சம் தேறியது. கடைசி ஒரு வருஷத்தில் வாங்கினவர்கள், கேட்டுச் சேர்ந்தவர்கள். அவர் முகம் வாடிவிட்டது. அந்தத் தீபாவளிக்கு அதிலும் இரண்டாயிரம் பேருக்குத்தான் அனுப்ப விட்டேன். பையன் போனில் மெயில் புரமோஷன்ஸில் வந்து விழுந்தது. "பிரைமரில வரலையேம்மா" என்றார் முதல் வேலையாக. மறுநாள் மதியம் ஜெயநகரிலிருந்து ஒரு பெண்மணி, படத்தில் இருந்த அரக்குக் கலர் புடவை இருக்கிறதா என்று மெயிலிலேயே பதில் கேட்டிருந்தார். அதற்கு என்ன பதில் போடுவது என்று கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். இருக்கிறதா இல்லையா என்று போடுங்கள் அண்ணா என்றேன்.

நீக்கிய முப்பதாயிரம் சொச்சத்தை இன்னும் அழிக்கவில்லை. தனி எக்செல் ஃபைலில் 'பழசு' என்று பெயர் வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். அழித்துவிடுங்கள், சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்று மாதம் ஒரு தடவை ஞாபகப்படுத்துகிறேன். "அனுப்ப மாட்டேன்மா, சும்மா இருக்கட்டும், காசு குடுத்து வாங்கினது" என்கிறார்.