தொற்றுக் காலத்தில் பொதுக் கழிவறையைப் பூட்டலாமா?

கூடாது. ஒரு டவுனில் ஆள் நடமாட்டம் இருக்கும்வரை அங்குள்ள பொதுக் கழிவறையும் திறந்திருக்க வேண்டும். கோவிட் காலம் முழுக்க மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற டவுனில் கிளினிக் நடத்தியவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது என்பது மட்டும் 2020இல் நன்றாகத் தெரிந்துவிட்டது. அதனால் இப்போதே பேசுவோம்.

எங்கள் டவுனைச் சுற்றி மூன்று பக்கமும் செம்பனை. நடுவில் இரண்டு வரிசைக் கடைகள், ஒரு பாசார், பஸ் நிற்கும் இடம், ஒரு வங்கி, தபால் நிலையம், அரசு சுகாதார நிலையம். தோட்டத்திலிருந்து ஒருவர் டவுனுக்கு வந்தால் அரை நாள் போய்விடும். மருந்து வாங்க வேண்டும், பணம் எடுக்க வேண்டும், சாமான் வாங்க வேண்டும், அப்புறம் திரும்பிப் போக வண்டி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் அவசரம் என்றால் கோப்பிக் கடைக்குப் போவார்கள், மாமாக் கடைக்குப் போவார்கள், கோயில் பக்கம் போவார்கள். இல்லையென்றால் பஸ் நிற்கும் இடத்தில் உள்ள பொதுக் கழிவறை.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் இவை ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. கடைகளில் உட்கார்ந்து சாப்பிடத் தடை, பொட்டலம் மட்டும்தான். உள்ளே உட்கார விடாத கடைக்காரர் கழிவறைக்கு மட்டும் எப்படி விடுவார்? கோயிலும் பள்ளிவாசலும் மூடப்பட்டன. மிச்சம் இருந்தது அந்த ஒரே பொதுக் கழிவறை. அதற்கும் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். கை கழுவச் சொல்லும் பேனர் மட்டும் அந்தக் கிராதியிலேயே கட்டியிருந்தது. டவுனுக்கு வருகிறவர்கள் கை கழுவக்கூடிய குழாய் அந்தக் கிராதிக்கு உள்ளேதான் இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்று சொன்னார்கள். சரி. ஆனால் அந்த ஒருவர் யார்? பல வீடுகளில் வங்கி அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவர், மருந்து அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவர். அதாவது வீட்டில் வயதானவர். அரசாங்கம் கோவிட் காலத்தில் கொடுத்த பிரிஹாத்தின் உதவித்தொகையை எடுக்க வரிசை நீண்ட நாட்களில் பாட்டிகளும் தாத்தாக்களும் ஒரு மீட்டர் இடைவெளியில் வெயிலில் நின்றதைப் பார்த்தேன். வரிசையை விட்டு நகர்ந்தால் இடம் போய்விடும். நகர்ந்தாலும் போக இடமில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். மாத்திரையையும் நிறுத்தினார்கள்.

கால் வீக்கத்தோடு ஒரு பாட்டி வந்தார், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு. முட்டிக்குக் கீழே விரலால் அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. இரண்டு தலையணை வைத்தால்தான் தூங்க முடிகிறது என்றார். இருதயம் பலவீனமானவர், லாசிக்ஸ் எடுப்பவர். நம் ஆட்கள் தண்ணி மாத்திரை என்பார்களே, அதுதான். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா பாட்டி?" என்று கேட்டேன். "டவுனுக்கு வர்ற அன்னைக்குச் சாப்பிட மாட்டேன் டாக்டரம்மா. போற எடமில்லையே" என்றார். அந்த மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதன் பிறகு ஆறு மணி நேரம்வரை அடிக்கடி சிறுநீர் போகும். பூட்டிய டவுனுக்கு அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு எப்படி வருவார்? அவர் செய்ததைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

இதை ஒரு பாட்டியின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரகம் அதைத் தண்ணீரோடு சேர்த்து வெளியே தள்ளும். அதனால்தான் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. இப்போது பலருக்குக் கொடுக்கும் எம்பாக்லிஃபுளோசின், டாபாக்லிஃபுளோசின் வகை மாத்திரைகள் வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான். அந்த மாத்திரை எடுப்பவர் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றால் உடம்பு வறண்டு மயங்கி விழலாம், இரத்தத்தில் அமிலம் ஏறி ஆபத்தாகவும் முடியலாம். கோவிட் கடுமையாகத் தாக்கியதும் பெரும்பாலும் இவர்களைத்தான். யாரைக் காப்பாற்றுவதற்காகப் பூட்டு போட்டோமோ, அந்தப் பூட்டின் சுமை முதலில் அவர்கள் மேல்தான் விழுந்தது.

பெண்களுக்கு நிலைமை இன்னும் மோசம். ஆண்கள் கடைக்குப் பின்னாலோ செம்பனை மரத்தடியிலோ ஒதுங்கிவிட்டு வந்துவிடுவார்கள். பெண்கள் அடக்கிக்கொள்வார்கள். பெண்ணின் சிறுநீர்க் குழாய் நான்கு செண்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், கிருமி மேலே ஏறுவது சுலபம். தண்ணீரும் குடிக்காமல், மணிக்கணக்கில் அடக்கியும் வைத்தால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? அந்த மாதங்களில் கடைச் சிப்பந்திகள், கர்ப்பிணிகள், முகக்கவசத்தோடு எட்டு மணி நேரம் நின்ற காசாளர்கள் என்று நீர்க்கடுப்போடு நிறையப் பேர் வந்தார்கள். சிலருக்குக் காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்திருந்தன, அதாவது தொற்று சிறுநீரகம்வரை போயிருந்தது. கர்ப்பிணிக்கு இது வந்தால் குறைப்பிரசவத்தில்கூட முடியலாம். ஆண்களில் புரோஸ்டேட் வீங்கியவர்கள் ரொம்ப நேரம் அடக்கி வைத்து, பிறகு சிறுநீர் அடியோடு அடைபட்டு, டியூப் போட வேண்டிய நிலையில் வருவார்கள். அந்த வலியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பூட்டியவர்கள் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. 2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வு, பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் இந்தக் கிருமி மூன்று நாள்வரை உயிரோடு இருக்கலாம் என்றது. கதவுப் பிடி, குழாய், தண்ணீர் மொள்ளும் குவளை எல்லாமே எதிரியாகத் தெரிந்தன. ஆனால் ஆய்வுக்கூடத்தில் கிருமி உயிரோடு இருப்பது வேறு, அதைத் தொட்டவருக்கு நோய் வருவது வேறு. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கிருமி பட்ட பொருளை ஒருமுறை தொடுவதால் கோவிட் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. நோய் பரவியது முக்கியமாக மூச்சுக்காற்றால். காற்றோட்டமில்லாத இடத்தில், நெருக்கமாக, நீண்ட நேரம் இருப்பதுதான் ஆபத்து. கழிவறையில் நாம் இருப்பது சில நிமிடம். ஜன்னல் திறந்திருந்து, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால், குளிர்சாதன மினிமார்க்கெட்டில் சாமான் வாங்குவதைவிட அது பயப்பட வேண்டிய இடமில்லை.

கழிவறை வழியாக நோய் பரவியதற்குப் பலரும் சொல்லும் உதாரணம் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ். 2003இல் சார்ஸ் நோய் வந்தபோது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. நானும் அதைச் சொல்வேன், ஆனால் திறந்து வைப்பதற்கு ஆதரவாக. அங்கே என்ன நடந்தது? குளியலறைத் தரையில் உள்ள வடிகாலுக்கு அடியில் வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அங்கே தரையில் தண்ணீர் ஊற்றாமல் துடைத்து மட்டும் வந்ததால் பல வீடுகளில் அது வறண்டுவிட்டது. காற்றை வெளியேற்றும் விசிறி ஓடும்போது சாக்கடைக் காற்றும் அதோடு கிருமியும் வீட்டுக்குள் வந்தன என்றுதான் விசாரணையில் முடிவுக்கு வந்தார்கள். இப்போது மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிவறையை நினைத்துப் பாருங்கள். நம் வெயிலுக்கு அந்த வளைகுழாய்த் தண்ணீர் வற்றாமல் இருக்குமா? இன்னொரு பக்கம் தொட்டியிலும் வாளியிலும் தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நம் ஊரில் கோவிட் வந்ததற்காக டிங்கி லீவு எடுத்துக்கொள்ளவில்லை.

தோட்டத்து மக்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கொக்கிப்புழு மனிதர்களை உருக்குலைத்தது. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒன்று இங்கே வந்து அதை ஆராய்ந்தது. மலம் விழுந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் புழு தோல் வழியாக ஏறும், குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும், ஆள் வெளுத்துப் போவார். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கழிவறை கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்து சுகாதாரக்காரர்கள் கண்ட வழி. லயத்து வீடுகளின் பின்னால் வரிசையாகக் கக்கூஸ் வந்தது அப்படித்தான். பிறகு 1990இல் தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கென்றே தனிச் சட்டம், சட்டம் 446, வந்தது. தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டும் இருந்த அந்தச் சட்டம் 2020 ஜூனில் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. குடியிருப்பில் இவ்வளவு கவனம், அதே தொழிலாளி டவுனுக்கு வந்தால் ஒதுங்க இடமில்லை.

பிரிட்டனிலும் 2020இல் பல ஊராட்சிகள் கழிவறைகளைப் பூட்டின. கோடையில் கட்டுப்பாடு தளர்ந்து மக்கள் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் போனபோது அங்கெல்லாம் அசுத்தம் என்று புகார் குவிந்தது. கோவிட்டுக்கு முந்தைய ஆண்டே அங்குள்ள பொதுச் சுகாதாரக் கழகம் ஒன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளியே கழிவறை கிடைக்காது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்கள் பாதிக்கும் மேல் என்றது அந்த அறிக்கை. பணக்கார நாட்டிலேயே அப்படி.

திறந்து வைப்பதென்றால் சும்மா கதவைத் திறந்துவிட்டுப் போவது என்று அர்த்தமில்லை. எங்கள் டவுன் கழிவறையைச் சுத்தம் செய்யும் அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், குத்தகைக்காரரிடம் தினக்கூலி. மீண்டும் திறந்தபோது அவருக்குக் கொடுத்தது ஒரு மெல்லிய முகக்கவசமும் ஒரு பாட்டில் குளோராக்ஸும்தான். அளவு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசம் தூக்கலாக இருந்தால்தான் கிருமி சாகும் என்று அப்படியே ஊற்றிவிட்டு, உடனே துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சுத் திணறுகிறது, கண் எரிகிறது என்று என்னிடம் வந்தார். விசாரித்தபோதுதான் கறை போக்கும் ஆசிட்டையும் அதனோடு சேர்த்து ஊற்றியது தெரிந்தது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் புண்ணாக்கும். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: வீட்டில் வாங்கும் ஐந்து விழுக்காட்டு பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லிலிட்டர் போதும். முதலில் அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், பிறகு பிளீச் தண்ணீரைத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள், அப்புறம் கழுவுங்கள். ஆசிட்டோடு எந்தக் காலத்திலும் கலக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கையுறை, பூட்ஸ், நல்ல முகக்கவசம், தடுப்பூசி வந்தால் முதல் வரிசையில் அவருக்கு ஓர் இடம், இதெல்லாம் ஊராட்சியின் கடமை. கழிவறையைத் திறக்கச் சொல்கிற நாம் இதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மூடியைச் சாத்திவிட்டுத் தண்ணீர் அடியுங்கள் என்று வெளிநாட்டு அறிவுரை ஒன்று அப்போது எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. நம் டவுன் கழிவறைகள் பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை, மூடியே கிடையாது. நமக்குப் பயன்படுவது வேறு: மேலே காற்றுப் போகும் திறப்பை அட்டை வைத்து அடைக்காமல் இருப்பது, எல்லோரும் தொடும் குவளைக்குப் பதில் ரப்பர் குழாய் வைப்பது, வாசலில் சோப்பு தீராமல் பார்த்துக்கொள்வது. அப்புறம் அந்த 20 சென், 30 சென் கட்டணம். தொற்றுக் காலத்தில் அதை எடுத்துவிட வேண்டும். சில்லறை இல்லை என்று ஒருவர் திரும்பிப் போகக் கூடாது.

என் நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. டவுனுக்கு வரும் நாளில் தண்ணி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீடு திரும்பிய பிறகு சாப்பிடலாமா, எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், பலருக்கு நேரத்தை மாற்றிக் கொடுக்க முடியும். இனிப்புநீர் உள்ளவர்கள் கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு வாருங்கள், அதைக் குடிக்கவும் செய்யுங்கள். சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், இடுப்புக்கு மேல் முதுகில் வலி என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சிறுநீர் வராமல் வயிறு வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் கிளினிக்கின் பின்பக்கக் கழிவறை யாருக்கும் திறந்திருக்கும். பதிவு செய்ய வேண்டாம், டாக்டரைப் பார்க்க வந்தேன் என்று சாக்குச் சொல்லவும் வேண்டாம். கவுண்டரில் இருக்கும் தங்கச்சியிடம் சாவி என்று கேட்டால் கொடுப்பார். பக்கத்து மளிகைக் கடைக்காரரும் இப்போது தன் கடைக் கழிவறையைத் திறந்து விட்டிருக்கிறார். லோரி ஓட்டுபவர்களும் சாப்பாடு கொண்டுபோகும் பையன்களும் அங்கே போகலாம்.