லென்ஸ் வாங்கப் போகும்போது ஒரு டார்ச் லைட் கொண்டு போங்கள்

செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் பழைய கேமரா, அதில் 75-300 லென்ஸ். “அக்கா, நாலு வாரமா மீன்கொத்தி எடுக்கிறேன். எல்லாப் படமும் ஆடிப்போயிருக்கு. கேமரா கெட்டுப்போச்சா?” என்று கேட்டார்.

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. ஷட்டர் 1/80 நொடியில் நின்றிருந்தது. லென்ஸிலோ கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி கிடையாது. 300 எம்எம்மில், கையில் பிடித்து, அந்த வேகத்தில் யார் எடுத்தாலும் படம் ஆடத்தான் செய்யும். இணையத்தில் யாரோ விற்றதை, “பறவைக்கு இதுதான் சரி” என்று சொன்னதை நம்பி வாங்கியிருக்கிறார். இரண்டு மாதச் சேமிப்பு அது. இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். ஒவ்வொரு ரிங்கிட்டும் ஓவர்டைம் செய்து சேர்த்தது. அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேட்கும் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: பறவைக்கும் ஆளுக்கும் சேர்த்து ஒரே லென்ஸ் கிடைக்காதா? மலிவு விலையில் கிடைக்காது. பறவைக்கு நீளம் வேண்டும், அதாவது தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் பெரிய எம்எம் எண். முகத்துக்கு அகலமாகத் திறக்கும் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் புகும் துளை, வேண்டும். 18-300 மாதிரி எல்லாம் ஒன்றில் அடங்கிய ஜூம் லென்ஸ்கள் கடைசி முனையில் பெரும்பாலும் எஃப் 6.3 வரைதான் திறக்கும். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிடப் பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மாலை ஆறரை மணிக்குக் கோயில் மண்டபத்தில் படம் எடுக்க நின்றால் இந்தப் பன்னிரண்டு மடங்கு என்னவென்று தெரியும்.

அதனால் இரண்டு சின்ன லென்ஸாக வாங்குங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் ஆட்களுக்கான 50 எம்எம் எஃப் 1.8. கேனான், நிக்கான், சோனி எல்லாவற்றிலும் இது உண்டு. செகண்ட் ஹேண்டில் சில நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். தொடக்கநிலை கேமராக்களில் படத்தைப் பதியும் சென்சார் சின்னது என்பதால், 50 எம்எம் லென்ஸ் பெரிய சென்சாரில் 75 அல்லது 80 எம்எம் காட்டும் அளவுக்குத்தான் காட்சியைக் காட்டும். முகம் எடுக்க அருமையான அளவு அது.

ஒன்று மட்டும் கவனம். 1.8 என்று எழுதியிருக்கிறது என்பதற்காக எப்போதும் 1.8லேயே எடுக்காதீர்கள். என்னிடம் படிக்கும் பெண் தன் அப்பாயியை வாசல்படியில் உட்கார வைத்து, ஒரு மீட்டர் நெருக்கத்தில் எடுத்து வந்தாள். மூக்குத்தியின் கல் ஒவ்வொன்றும் பளிச்சென்று இருக்கிறது. கண் இரண்டும் மங்கல். அந்தத் தூரத்தில் எஃப் 1.8க்குக் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் புள்ளி மூக்குத்தியில் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் அதே படியில், எஃப் 2.8 வைத்து, புள்ளியைக் கண்ணில் வைத்து எடுத்தாள். கண்ணுக்குள் தெருவும் தெரிந்தது, எதிர்வீட்டு வேலியும் தெரிந்தது. அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன்.

நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டி3000, டி5000 வரிசை கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ‘ஏஎஃப்-டி’ வகை 50 எம்எம் லென்ஸை மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருப்ப வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். கேனான் ஆர் வகை கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அடாப்டர் போட்டால் பழைய இஎஃப் லென்ஸ்கள் நன்றாக ஃபோகஸ் ஆகும்.

அப்புறம் பறவை. கேனானில் 55-250 எஸ்டிஎம், நிக்கானில் ஏஎஃப்-பி 70-300. தொடங்குகிறவருக்கு இவை போதும். ஆனால் நடுக்கம் தாங்கும் வசதி இருக்கிறதா என்று லென்ஸின் மேலேயே பாருங்கள். கேனானில் ‘ஐஎஸ்’, நிக்கானில் ‘விஆர்’, தம்ரானில் ‘விசி’, சிக்மாவில் ‘ஓஎஸ்’ என்று இருக்கும். நிக்கானின் 70-300 ஏஎஃப்-பி, விஆர் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகையில் வந்தது. தோற்றத்தில் ஏமாந்துவிடலாம். ஏஎஃப்-பி சில பழைய கேமராக்களில் வேலை செய்யாது, உங்கள் கேமராவில் மாட்டிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

“250 எட்டுமா அக்கா?” என்று கேட்கிறார்கள். நம் தோட்டத்து மின்கம்பியில் உட்காரும் வெண்மார்பு மீன்கொத்தி 28 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதைப் பத்து மீட்டரில் 250ல் எடுத்தால் படத்தின் உயரத்தில் பாதியை நிரப்பும். இருபது மீட்டரில் கால் பங்குதான். ஆக, லென்ஸுக்குக் கொடுக்கப்போகும் ஆயிரங்களைப் பத்து மீட்டர் நெருங்கிப் போய் மிச்சப்படுத்தலாம். நடந்து போனால் பறவை பறந்துவிடும். தோட்டத்துப் பறவைகளுக்கு லாரியும் டிராக்டரும் பழக்கம், மனிதன் இறங்கி நடந்தால்தான் பயம். காரிலேயே போய், எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, தலையணை உறையில் பச்சைப் பயறு கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாயுங்கள்.

நேரமும் முக்கியம். இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது. ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைதான் பறவைக்கு நல்ல வெளிச்சம். பத்து மணிக்குப் பிறகு செம்மண் சாலையில் அனல் எழும்பிக் காற்று நெளிய ஆரம்பிக்கும். அதன் வழியாகத் தூரத்தில் எடுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸானாலும் படம் கரைந்துதான் வரும்.

அந்தத் தம்பியிடம் லென்ஸை விற்க வேண்டாம் என்றேன். ஷட்டரை 1/640க்கு ஏற்றி, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 1600ல் வைத்து, காலை எட்டு மணிக்குப் பயறுப் பையோடு போகச் சொன்னேன். அடுத்த ஞாயிறு மீன்கொத்தியின் அலகில் ஓணான் வால் தொங்குவதுவரை தெளிவாக எடுத்து வந்தார்.

600 எம்எம் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. சிக்மா, தம்ரான் 150-600 லென்ஸ்கள் நல்லவைதான். ஆனால் ஏறக்குறைய 2 கிலோ எடை, ஆயிரக்கணக்கில் விலை. ஒரு வருடம் 250ல் எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள். கேனானின் ஆர்எஃப் 600 எம்எம் ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆனால் எஃப் 11லேயே நிற்கும். சிகிஞ்சான் வயல்வெளியில் கொக்கு எடுக்கச் சரி, செம்பனை நிழலில் திணறும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் 2 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டாலும் இதே கதைதான். எஃப் 5.6 லென்ஸ் எஃப் 11 ஆகிவிடும், பல டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸே நின்றுவிடும்.

தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பார்கள். எந்த லென்ஸ் வைத்திருந்தாலும் குஞ்சு இருக்கும் பெட்டியின் அருகே போகாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தயவுசெய்து.

இப்போது டார்ச். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போல, வேர் போலக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. ஆரம்பத்தில் இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம், முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். “லேசா இருக்கு, படத்தில் தெரியாது” என்பார்கள். விலையைக் குறைத்தாலும் வாங்காதீர்கள். பிறகு சுவரில் தொங்கும் காலண்டரை நேராக நின்று, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம்.

நம் ஊர் ஈரத்துக்குக் கேமராப் பையே பூஞ்சையின் வீடு. அலமாரியில் பையோடு வைத்துவிட்டுத் தீபாவளிக்குத் தீபாவளி எடுப்பவர்களின் லென்ஸ்தான் என்னிடம் அதிகம் வருகிறது. ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் அலமாரி வாங்க முடியாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று போதும். ஈரமானியின் முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் மணிகளின் நிறம் மாறிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் மெல்லிய தீயில் சூடுகாட்டினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஆறவிட்டு டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்.