அது நுண்ணோக்கி வில்லை அல்ல

கேமரா லென்ஸின் முன்னால் ஃபில்டர் மாதிரி திருகிப் போடும் க்ளோஸ்-அப் லென்ஸை ‘நுண்ணோக்கி வில்லை’ என்று எழுதுகிறார்கள். மதுரையில் ஒரு ஒளிப்படப் பயிற்சிக்கு அடித்த துண்டறிக்கையிலும் அதே சொல். இனி பொறுப்பதற்கில்லை.

வேர்க்கதை சின்னது. லென்ஸ் என்றால் லத்தீனில் பருப்பு. நாம் மைசூர் பருப்பு என்று வாங்கும் பயிரின் தாவரப் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. இருபுறமும் புடைத்த வடிவம்தான் காரணம். தமிழில் வில்லை என்பது வட்டத் தகடு: சேவகர் அணிந்த பித்தளை வில்லை, மருந்து வில்லை. இவ்வளவு போதும்.

நுண்ணோக்கி என்றால் மைக்ராஸ்கோப்; பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நிஜ மைக்ராஸ்கோப்பில் பொருளை ஒட்டி நிற்கும் பொருளருகு வில்லையையே வளையம் போட்டு கேமராவில் மாட்டிப் பூச்சியின் கண்ணைப் படம் எடுப்பவர்கள் உண்டு. அதற்கு என்ன பெயர் மிச்சம் வைத்திருக்கிறார்கள்? 200 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில், அதாவது மிகத் தொலைவுக்கு, வைத்து முன்னால் +2 பவர் க்ளோஸ்-அப் லென்ஸ் போட்டால் சென்சாரில் விழும் உரு, நிஜ அளவில் 0.4 மடங்கு. பாதிகூட இல்லை. இதுவா நுண்ணோக்கி!

‘உருப்பெருக்கி வில்லை’யும் சரியில்லை. அதே +2-வோடு வண்டியூர் தெப்பக்குளக் கரையில் நின்று மைய மண்டபத்தைப் பாருங்கள். மண்டபம் பெரிதாகாது, கலங்கிப்போகும். முடிவிலியில் வைத்த லென்ஸுக்கு +2 போட்டால் அரை மீட்டர், +4 போட்டால் 25 செ.மீ., +10 போட்டால் 10 செ.மீ.; அதற்கு அப்பால் எதுவும் தெளியாது. பக்கத்தில் போக விடுவதுதான் இதன் வேலை. அப்படிப் போவதால்தான் மல்லிகை மொட்டின் காம்பில் ஏறும் எறும்பு படத்தில் பெரிதாக விழுகிறது, மீசை மடங்குவது உட்பட. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் நீட்டிப்புக் குழாய் போல வெளிச்சத்தையும் தின்பதில்லை.

வெள்ளெழுத்துக் கண்ணாடியும் இதே கணக்குதான். 1976 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் ப்ளஸ் பவர், மைனஸ் பவர் தெரியாதவர் குறைவு. ஆனாலும் ஒருவர் ‘கிட்டப்பார்வை வில்லை’ என்று எழுதியிருந்தார். கிட்டப்பார்வைக்குப் போடுவது மைனஸ், ஐயா! அகராதியைப் புரட்டுகிற மொழிபெயர்ப்பாளர் ஒரு தடவையாவது அந்த க்ளோஸ்-அப் லென்ஸைத் திருகிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெயர் வைக்கக் கூடாதா?

சரி, என்ன சொல்வது? வில்லையில் ஒரு வில்லங்கம் உண்டு. ‘கிட்ட வில்லை’ என்று வைத்தால், சேர்த்து அச்சடிப்பவர் கையில் அது ‘கிட்டவில்லை’ ஆகிவிடும். விளம்பரத்தில் போட்டால் சரக்கு இல்லை என்று பொருள். ‘அணுகு வில்லை’ ஓர் உகரம் தவறினால் ‘அணுகவில்லை’. ‘அண்மை வில்லை’யில் குற்றமில்லை, ஆனால் அண்மைச் செய்தி கேட்டுப் பழகிய காது, புதிதாக வந்த வில்லை என்று எடுத்துக்கொள்ளும். ‘அணுக்க வில்லை’ என்பதே என் தேர்வு. அணுக்கத் தொண்டர் என்கிறோமே, அந்த அணுக்கம். சேர்ந்தாலும் பிரிந்தாலும் வேறு பொருள் தராது. இரண்டு கண்ணாடிகளை இணைத்து ஓர நிறப்பிசிறை அடக்கும் உயர்ந்த வகைக்கு ‘நிறம் பிசிறா அணுக்க வில்லை’ எனலாம்.

கேமராக் கடையில், திருகும் வளையத்தின் விட்டத்தைச் சொல்லி, தாராளமாக ‘52 மி.மீ. க்ளோஸ்-அப்’ என்றே கேளுங்கள். கடைக்காரர் சரியான பொருளைத்தான் எடுத்துத் தருவார். துண்டறிக்கை எழுதியவரைவிட அவருக்கு விஷயம் தெரியும்.