பிள்ளைக்குப் பெயர் பதியும் முன் கவனிக்க வேண்டியவை

மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி என்பதற்குப் பின்னால் வருவது தகப்பனார் பெயர்தான். மலாயில் அனக் லெலாக்கி, அனக் பெரெம்புவான் என்பதன் சுருக்கம் அது. தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

வழிவழியாக மாறாமல் வரும் பெயரைப் பார்க்க வேண்டுமானால் பினாங்குக்குப் போக வேண்டும். 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீனின் பெயரோடு ஒட்டியிருந்த 'மெரிக்கன்', நம் மரக்காயர்தான். அந்தப் பெயரை அங்கே சில குடும்பங்கள் இன்றும் குடும்பப் பெயராக வைத்திருக்கின்றன. அங்குள்ள தமிழ் முஸ்லிம்களிடம் சாகுல் ஹமீது என்ற பெயர் நிறைய இருப்பதற்கு, அதே பெயர்கொண்ட நாகூர் ஆண்டவர் காரணம். சூலியா தெருவில் அவருக்கு தர்கா உண்டு.

தோட்டத்துப் பெயர்களின் கதை வேறு. முனியாண்டி, கருப்பையா, மாரியம்மா, காளியம்மா எல்லாம் கப்பலேறி வந்த காவல் தெய்வங்கள். அவற்றைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். லெட்சுமிக்கு நடுவே டி-சி-எச் வந்தது, வேலுவின் கடைசியில் இரண்டு ஓ வந்தது. தமிழ்நாட்டில் என்-னில் முடியும் சுப்பிரமணியன் இங்கே எம்-மில் முடிகிறார். இவற்றைப் பிழை என்று நினைத்துப் பேரப்பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் திருத்தி எழுதாதீர்கள். அப்பாவின் அடையாள அட்டையில் என்ன எழுத்து இருக்கிறதோ, அதுதான் பிள்ளையின் பத்திரத்திலும் வர வேண்டும்.

பெரிய சிக்கல் இங்கேதான் வருகிறது. அண்ணன் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரி, தங்கை பத்திரத்தில் இன்னொரு மாதிரி. பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அப்பா இறந்து, நிலத்துக்கோ ஈபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதிப் பணத்துக்கோ மனுப் போடும்போது, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி பிரமாணம் எழுதி, பழைய பத்திரங்களைத் தேடிச் சேர்த்து அலைய வேண்டியிருக்கும். துக்க வீட்டுக்கு இந்த அலைச்சல் வேண்டவே வேண்டாம்.

இப்போது பெயர் வைப்பவர்கள் நட்சத்திர எழுத்து பார்க்கிறார்கள், பிறகு எண் கணிதம் பார்க்கிறார்கள். கார்த்திகைக்கு அ, இ, உ, எ, பிரச்சினை இல்லை. திருவாதிரைக்கோ கு, க, ங, ச. ங-வில் தொடங்கும் தமிழ்ப் பெயர் எங்கே கிடைக்கும்? தாராளமாகக் கு-வையோ க-வையோ எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகைக்காக ஏ-யையும் எச்-சையும் இரட்டிப்பதுதான் எங்களுக்குக் கவலை தருகிறது. வங்கியிலும் கிளினிக்கிலும் அந்த உபரி எழுத்து விட்டுப்போகும். பிள்ளை ஆயுசுக்கும் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ழ வரும் பெயர் என்றால் இசட்-எச் போடுவதா, எல் போடுவதா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். தாளில் எழுதி, தமிழ் தெரியாத மலாய், சீன நண்பர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் காதுக்குப் பொறுக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

நீளத்தையும் பாருங்கள். கடப்பிதழில் இயந்திரம் வாசிக்கும் முதல் வரியில் 44 இடம். அதில் 5 ஆவண வகைக்கும் நாட்டுக் குறிக்கும் போய்விடும். மிச்சம் 39 இடத்துக்குள் பிள்ளை பெயர், அப்பா பெயர், இடைக்குறிகள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அந்த வரியில் பெயர் வெட்டப்படும். ஆகவே பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே அப்பா பெயரையும் சேர்த்து எண்ணுங்கள்.

தேசியப் பதிவுத் துறைக்குப் போகும்போது பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டு போங்கள், வாயால் சொல்லாதீர்கள். பத்திரம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல், பிள்ளை பெயர், ஏ/எல்லா ஏ/பியா, அப்பா அம்மா பெயர், அவர்கள் அடையாள அட்டை எண் என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.