பரிசுத்தம்: சொல்லும் பொருளும்

கிறிஸ்தவ வழக்கில் ‘பரிசுத்தம்’ என்பது கடவுளின் இயல்பையும், அவரைச் சேர்ந்தவர்கள் வாழ அழைக்கப்பட்டிருக்கும் வாழ்வையும் ஒருசேரக் குறிக்கும் சொல். ‘பரி’ என்னும் வடமொழி முன்னொட்டு முழுமையையும், ‘சுத்தம்’ மாசு நீங்கிய நிலையையும் உணர்த்துவதால், முற்றிலும் மாசற்ற தன்மை என்பதே இதன் நேர்ப்பொருள். இவ்வடசொல்லுக்குத் தக்க தமிழ்ச்சொல் எது என்பதே இங்கு எழும் கேள்வி.

எபிரேய மூலத்தில் இவ்விடத்தில் நிற்கும் ‘காதோஷ்’ என்னும் சொல்லோ, பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக் கடவுளுக்கென்றே ஒதுக்கப்பட்டதை முதன்மையாகச் சுட்டுகிறது. எரியும் முட்செடியின் அருகே மோசே செருப்பைக் கழற்றிய இடம் ‘பரிசுத்த பூமி’ எனப்பட்டது. அங்கே இருந்ததோ ஆடு மேய்க்கும் வனாந்தரத்தின் வெறும் மண்தான். தலைமைக் குருவின் பாகையில் கட்டிய பொற்பட்டத்தில் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்று வெட்டப்பட்டிருந்தது (யாத்திராகமம் 28:36). அதே வாசகம் குதிரைகளின் மணிகளிலும் எழுதப்படும் நாள் வரும் என்றும், எருசலேமிலுள்ள பானைகளெல்லாம் பரிசுத்தமாயிருக்கும் என்றும் சகரியா சொல்கிறார் (14:20, 21). குதிரை மணியும் சோற்றுப் பானையும் பரிசுத்தமாவது தேய்த்துக் கழுவியதால் அன்று, உரியவர் மாறியதால்.

இதனால் ஒழுக்கம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுவதில்லை. ‘நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்’ என்னும் அழைப்பு லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வருகிறது. அதைத் தொடர்வனவோ, வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவருக்கு விடுதல், கூலியாளின் கூலியை விடியும்வரை கையில் வைத்துக்கொள்ளாமை, செவிடரைச் சபிக்காமை, குருடர் வழியில் தடுக்கலை வைக்காமை போன்ற அன்றாடக் கட்டளைகள். உலகைத் துறந்து ஒதுங்குவதே பரிசுத்தம் என்று கருதுவோர் இந்த அதிகாரத்தை ஒருமுறை முழுதாகப் படிப்பது நல்லது.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ‘ஹாகியோஸ்’ என்னும் சொல் இதே பொருளைச் சுமக்கிறது. பிளவுபட்டும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தும் கிடந்த கொரிந்து சபையாரையே, பரிசுத்தவான்களாக அழைக்கப்பட்டவர்கள் என்று பவுல் விளித்தார். அழைப்பு முந்துகிறது, அதற்கேற்ற வாழ்வு பிந்தி வளர்கிறது.

தமிழில் இச்சொல்லுக்கு நேர்ந்த மாற்றங்கள் பல. பழைய கத்தோலிக்கச் செபங்களில் போர்த்துக்கீசியம் வழிவந்த ‘இஸ்பிரீத்து சாந்து’ இருந்தது. சீர்திருத்தச் சபையினரிடம் ‘பரிசுத்த ஆவி’ நிலைத்தது. 1995இல் வெளிவந்த, இரு தரப்பாருக்குமான விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘தூய ஆவி’ என்று எழுதியது. ‘பரிசுத்தம்’ என்பதற்கு ஈடாகச் சொல்லத்தக்க ‘புனிதம்’ தமிழ்போல் ஒலித்தாலும் வடமொழி வழி வந்ததே. மேலும் ‘புனிதர்’ என்றால் திருச்சபை அறிவித்த சிலரே நினைவுக்கு வருவதால், நிலை எதுவாயினும் எல்லா விசுவாசிகளும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்களே என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வலியுறுத்திய கருத்துக்கு அது பொருந்தி வரவில்லை.

எனவே ‘தூய்மை’யே தக்க தமிழ்ச்சொல். அதுவும் மாசின்மையின் பக்கமே சாய்கிறது என்பது உண்மை. ஆயினும் ‘பரிசுத்தம்’ என்ற சொல்லுக்கும் அதே சாய்வு உண்டு. கடவுளுக்கென ஒதுக்கப்பட்டதைத் ‘திருமுழுக்கு’, ‘திருவிருந்து’ என்பவற்றில் உள்ள ‘திரு’ அழகாகக் காட்டுகிறது. ஆனால் ‘திருவாழ்வு’ என்றால் செல்வ வாழ்வு என்றே காதில் விழும். ஆகவே அழைப்பைக் குறிக்கத் ‘தூய வாழ்வு’ என்றும், அதில் படிப்படியாக வளர்வதைக் குறிக்கத் ‘தூய்மையாக்கம்’ என்றும் எழுதி, ஒதுக்கப்பட்டமையை அழுத்த வேண்டிய இடத்தில் ‘கடவுளுக்கு உரிய’ என்னும் அடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.